ஐந்து கிலோமீற்றர் ஏற்றம்



பாரத்தைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்றுவது எத்துணைக் கடினம் என்பதை மலைநாட்டு மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கொழுந்து பறிக்கும் மலை ஓரிடம், அது நிறுக்கப்படும் மடுவம் மற்றோரிடம், தொழிற்சாலை வேறோரிடம். இடையில் இருப்பதெல்லாம் ஏற்றமும் இறக்கமுமே. வண்டிப்பாதை எட்டாத மலைகளிலிருந்து கம்பிவடத்தில் கொழுந்து மூட்டைகளைத் தொங்கவிட்டுத் தொழிற்சாலைக்கு அனுப்பும் முறை முற்காலத்தில் பல தோட்டங்களில் இருந்தது. கீழ்நோக்கி அனுப்புவது எளிது. மூட்டை தன் எடையினாலேயே சறுக்கிச் சென்றுவிடும். மேல்நோக்கி இழுப்பதென்றாலோ இயந்திரம் வேண்டும், எரிபொருள் வேண்டும், அறாத வடம் வேண்டும்.

இவ்வெளிய உண்மையை நினைவிற் கொண்டால், இன்று உலகின் பொறியியலாளர்களைத் திணறவைக்கும் ஒரு பெரும் பணியின் தன்மை விளங்கிவிடும். ஆழ்கடலின் அடித்தளத்திற் கிடக்கும் உலோகக் கற்களைக் கப்பலுக்கு ஏற்றுவதே அப்பணி. இப்பணியில் முனைந்திருக்கும் நிலையங்களுள் ஒன்று தொலைவில் இல்லை. சென்னையில், பள்ளிக்கரணையில், 1993 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அது. அந்நிறுவனம் கல் பொறுக்க விரும்பும் இடமோ இலங்கைக்கும் தெற்கே, மத்திய இந்து சமுத்திரப் படுகையில் உள்ளது.

இக்கற்கள் எத்தகையவை? உருளைக்கிழங்கின் பருமனும் ஏறக்குறைய அதன் உருவமும் கொண்ட கரிய உருண்டைகள் அவை. சேலஞ்சர் என்னும் பிரித்தானியக் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்தபோது வலையில் அகப்பட்டு, அறிஞர் கைக்கு வந்தன. ஒரு சுறாப் பல்லையோ சிறு கற்றுணுக்கையோ நடுவிற் கொண்டு, கடல்நீரிற் கரைந்துள்ள மங்கனீசும் இரும்பும் அதைச் சுற்றிப் படலம் படலமாகப் படிய, அவற்றோடு நிக்கல், செம்பு, கோபால்ட்டு ஆகியனவும் சேர்ந்துகொள்கின்றன. பத்து இலட்சம் ஆண்டுகளில் அவ்வுருண்டை சில மில்லிமீற்றரே வளரும். நுவரெலியாத் தோட்டத்து உருளைக்கிழங்கு மூன்று நான்கு மாதத்தில் விளைவது; இக்கடற் கிழங்கு விளைவதற்கோ மனித இனத்தின் வரலாறு முழுவதும் போதாது.

இந்தியாவின் கவேஷணி என்னும் ஆய்வுக் கப்பல் 1981 ஜனவரி 26 அன்று அரபிக் கடலிலிருந்து முதற் கற்களை எடுத்தது. 1987 இல் மத்திய இந்து சமுத்திரத்தில் ஒரு பரப்பு இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்டது. 2002 இல் சர்வதேசக் கடற்படுகை அதிகாரசபையோடு ஆய்வுக்கான ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இன்று இந்தியாவிடம் எஞ்சியுள்ள பரப்பு 75,000 சதுர கிலோமீற்றர். அஃதாவது இலங்கைத் தீவைவிடப் பெரிது. அங்கே 38 கோடி தொன் கற்கள் கிடப்பதாக இந்திய அரசு மதிப்பிட்டுள்ளது. அவற்றுள் நிக்கல் 47 இலட்சம் தொன் என்றும், செம்பு ஏறத்தாழ 43 இலட்சம் தொன் என்றும், கோபால்ட்டு ஐந்தரை இலட்சம் தொன் என்றும் கணக்கிடுகின்றனர்.

இத்தொகைகளைக் கேட்டு வியப்பது எளிது. ஆனால் செல்வம் அடியில் இருக்கிறது, கப்பல் மேலே இருக்கிறது. இடையில் இருப்பது ஐந்து கிலோமீற்றருக்கும் மேற்பட்ட நீர். இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பிதுருதாலகாலவின் உயரம் 2,524 மீற்றர். அதன் தலைமேல் அதே உயரமுள்ள மற்றொரு மலையை வைத்து அக்கடலில் இறக்கினாலும் இரண்டும் மூழ்கிப்போகும்.

நீரில் ஒவ்வொரு பத்து மீற்றர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. ஐயாயிரம் மீற்றரில் ஏறத்தாழ ஐந்நூறு மடங்கு. ஒரு சிறிய தபால் முத்திரையின் பரப்பின்மேல் இரண்டு தொன்னுக்கும் மிகுதியான பாரம் அழுத்துகிறது என்று கொள்க. வெளிச்சம் இல்லை, குளிர் இரண்டு பாகை செல்சியசு அளவில் இருக்கும். இப்பேச்சை நேயர்களின் இல்லத்துக்குக் கொண்டுவரும் வானொலி அலை, கடல்நீருள் ஓரிரு மீற்றர் செல்வதற்குள் அழிந்துபோகும். ஆதலால் அங்கே இயந்திரம் எங்கிருக்கிறது என்பதை ஒலியைக்கொண்டே அறிய வேண்டும். ஒலி நீரில் விரைந்து செல்வதுதான். ஆயினும் ஐந்து கிலோமீற்றர் சென்று மீள ஏறத்தாழ ஏழு வினாடி பிடிக்கும். இயந்திரத்துக்குக் கட்டளையும் மின்சாரமும் ஒரு நீண்ட வடத்தின் வழியாகவே செல்ல வேண்டும்.

அடித்தளமும் உறுதியான நிலம் அன்று. நுண்ணிய களிச்சேறு. பெருமழைக்குப்பின் கொத்தி விட்ட மரக்கறித் தோட்டத்தில் பாரவண்டி ஒன்றை இறக்கினால் என்னவாகும்? அதைவிட மென்மையான தரையில் பல தொன் எடையுள்ள இயந்திரம் அமிழாமல் ஊர்ந்து, கற்களைப் பொறுக்க வேண்டும். அகன்ற சங்கிலிச் சக்கரங்களால் எடையைப் பரப்பி இதனை ஓரளவு தீர்த்துவிட்டனர். பொறுக்குவது கடினமாயினும் முடியக்கூடியதே. எல்லாத் தொல்லையும் திரண்டு நிற்பது ஏற்றத்தில்.

பழைய லக்சபான மின்நிலையத்துக்கு மலைச்சரிவில் இறங்கும் பெருங்குழாய்களைப் பலர் பார்த்திருப்பர். அவை நெடுகவும் தாங்கிகளின்மேற் படுத்திருக்கின்றன. கடலிற் குழாய் படுப்பதற்கு மலை இல்லை. கப்பலிலிருந்து செங்குத்தாகத் தொங்க வேண்டும். இங்கே ஒரு விந்தையான கணக்குண்டு. சாதாரண உருக்கினாற் செய்த, மேலிருந்து கீழ்வரை ஒரே தடிப்புள்ள குழாயை ஐந்து கிலோமீற்றர் நீளத்துக்கு நீரில் தொங்கவிட்டால், ஒரு கல்லைத்தானும் ஏற்றுவதற்கு முன்னரே அதன் மேற்பகுதி தன் எடையைத் தானே தாங்கமாட்டாமல் இளகி நீளத் தொடங்கும். தடிப்பைக் கூட்டினாற் போதாதோ எனலாம். போதாது. தடிப்புக் கூடும் அளவுக்கு வலிமை கூடுகிறது; அதே அளவுக்கு எடையும் கூடுகிறது. ஆகவே உயர்தர உருக்கு வேண்டும். மேலே தடித்தும் கீழே மெலிந்தும் அமைக்க வேண்டும். அவ்வளவு செய்தும் அக்குழாய் தன் எடையால் நான்கு மீற்றரளவு நீண்டே தொங்கும்.

இனி, கப்பல் அலையில் ஏறி இறங்கும். அடியிலுள்ள இயந்திரமோ தரையில் நிற்கும். இரண்டையும் விறைப்பான குழாயால் இணைத்தால் முதல் அலையிலேயே முறியும். இதன்பொருட்டுக் கப்பலில் அலையின் அசைவை விழுங்கும் தாங்கிகளை அமைக்கின்றனர். குழாயின் கீழ்நுனியிலிருந்து இயந்திரம்வரை நெகிழ்வான குழாயை வளைவாக மிதக்கவிடுகின்றனர். சென்னை நிறுவனத்தார் வகுத்த முறையில், இயந்திரம் கற்களை அடியிலேயே சிறு துண்டுகளாக நொறுக்கி, நெகிழ்குழாய் ஒன்றின் வழியே நீரோடு கலந்து மேலே தள்ளும்.

நீரேற்றியின் கணக்கைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பலரிடம் உண்டு. ஐந்து கிலோமீற்றர் உயரத்துக்கு நீரை இறைப்பதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டியிருக்கும் என்று மலைப்பர். உண்மையில் நீரை ஏற்ற வேண்டியதில்லை. அடிவாய் திறந்த குழாயைக் கடலில் நிறுத்தினால் உள்ளே இருக்கும் நீர் வெளிக்கடலின் மட்டம்வரை தானாகவே நிற்கும். கல்லின் மிகை எடையையும், நீர் குழாய்ச் சுவரோடு உராய்வதையும் வெல்லுவதே நீரேற்றியின் வேலை. கல் நீரைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அடர்த்தியுள்ளது. குழாயிற் செல்லும் கலவையிற் பத்தில் ஒரு பங்கு கல்லாயின், மிகை எடைக்கு மட்டும் சுமார் 500 மீற்றர் உயரத்துக்கு நீர் இறைப்பதற்குச் சமமான அமுக்கம் தேவை. உராய்வையும் கூட்டினால், ஹட்டன் நகரிலிருந்து நுவரெலியா நகரின் உயரத்துக்கு இரவும் பகலும் இடைவிடாது நீரேற்றுவதுபோன்ற வேலை எனலாம். பெரிய வேலைதான், ஆயினும் இயலாத வேலை அன்று.

அப்படியாயின் இடர் எங்கே? நிறுத்தத்தில். நீரில் விடப்பட்ட சிறு கல் வினாடிக்கு அரை மீற்றர் அளவில் கீழே விழும். பெரிய கல் இன்னும் விரைவாக விழும். மேலேறும் நீர் அதனைவிட விரைந்தாலன்றிக் கல் ஏறாது. வினாடிக்கு இரண்டு மீற்றர் வீதம் ஏறினாலும் ஒரு துண்டு அடியிலிருந்து கப்பலை அடைய நாற்பது நிமிடத்துக்கு மேலாகும். அந்த நாற்பது நிமிடத்துக்குள் மின்சாரம் ஒருமுறை தடைப்பட்டால், குழாய் முழுவதிலும் ஏறிக்கொண்டிருந்த கற்கள் யாவும் திரும்பி விழுந்து, தாழ்ந்த இடத்தில் அடைத்து இறுகிவிடும். மலைநாட்டில் மின்வெட்டு ஏற்பட்டால் விளக்கேற்றிக்கொண்டு காத்திருக்கலாம். அங்கே காத்திருப்பதென்பது ஐந்து கிலோமீற்றர் குழாயை இழப்பதாகவும் முடியலாம். ஆகவே தடை நேர்ந்தவுடன் கற்களை வெளியே கொட்டும் வாயில்களைக் குழாயில் அமைக்க வேண்டும். அவ்வாயில்கள் ஐந்நூறு மடங்கு அமுக்கத்தில், சேற்று நீரில், தவறாது திறக்க வேண்டும்.

நீரேற்றிக்குப் பதிலாகக் காற்றைப் பயன்படுத்துவோரும் உளர். குழாயின் நடுவிடத்தில் அமுக்கிய காற்றைச் செலுத்தினால், குமிழிகள் நிறைந்த நீர் இலேசாகி மேலெழும், கற்களையும் இழுத்துவரும். கடலுக்குள் சுழலும் உறுப்பு எதுவும் இல்லாமையால் இம்முறை அழகானது. ஆனால் குமிழி மேலேறும்போது அமுக்கம் குறையக் குறைய ஊதிப் பெருக்கிறது. மேற்பகுதியில் ஓட்டம் கட்டுக்கடங்காத வேகம் பெறுகிறது. ஆற்றற் செலவும் மிகுதி.

இவ்வேற்றத்தின் வரலாற்றில் ஒரு வேடிக்கையான அத்தியாயமும் உண்டு. 1974 இல் குளோமார் எக்ஸ்புளோரர் என்னும் அமெரிக்கக் கப்பல், மங்கனீசுக் கல் எடுக்கப்போவதாக உலகுக்கு அறிவித்துவிட்டுப் பசிபிக் கடலுக்குச் சென்றது. கோடீசுவரர் ஹோவார்ட் ஹியூஸின் பெயர் முன்னே நின்றது. பின்னே நின்றதோ அமெரிக்க உளவுத்துறை. 1968 இல் மூழ்கிய சோவியத்து நீர்மூழ்கி ஒன்றை ஏறத்தாழ ஐயாயிரம் மீற்றர் ஆழத்திலிருந்து களவாக எடுப்பதே உண்மை நோக்கம். குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று பூட்டி இறக்கி, நுனியில் இருந்த பெரிய இரும்புக் கையினால் நீர்மூழ்கியைப் பற்றினர். ஏற்றும் வழியில் அதன் பெரும்பகுதி முறிந்து மீண்டும் அடியில் விழுந்தது. எஞ்சிய பகுதியிற் கிடைத்த ஆறு சோவியத்து மாலுமிகளின் உடல்களை உரிய மரியாதையோடு கடலில் அடக்கம் செய்தனர். பொய்யாகச் சொல்லப்பட்ட கற்கதையை நம்பிப் பல நிறுவனங்கள் கடற்கல் ஆய்வில் மேலும் ஊக்கம் கொண்டன என்பது இதன் விசித்திரம்.

மெய்யான ஏற்றம் 1978 இல் நடந்தது. கனடா, அமெரிக்கா, ஜேர்மனி, யப்பான் ஆகிய நாடுகளின் நிறுவனங்கள் கூடி அமைத்த ஒரு கூட்டு, பசிபிக்கில் ஐயாயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து சுமார் 800 தொன் கற்களைக் கப்பலுக்கு ஏற்றிக்காட்டியது. நீரேற்றி முறை, காற்று முறை இரண்டையும் அவர்கள் சோதித்தனர். பின்னர் உலோக விலை தாழ்ந்தது, கூட்டு கலைந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வளவு பெரிய ஏற்றம் மீண்டும் நடைபெறவில்லை. 2022 இல்தான் ஹிடன் ஜெம் என்னும் கப்பல், அதே பசிபிக்கில், நான்கு கிலோமீற்றருக்கு மேல் நீண்ட குழாயின் வழியாக மூவாயிரம் தொன்னுக்கு மேற்பட்ட கற்களை ஏற்றியது.

சென்னை நிறுவனத்தார் படிப்படியாகவே சென்றுள்ளனர், அதுவே முறை. ஜேர்மனியின் சீகன் பல்கலைக்கழகத்தோடு கூடி முதலில் ஐந்நூறு மீற்றருக்கு உட்பட்ட ஆழங்களிற் பயின்றனர். 2010 இல் ஆளில்லா ஆய்வுக்கலம் ஒன்றை 5,289 மீற்றர் வரை இறக்கினர். 2021 இல் வராகம் என்று பெயரிட்ட ஊர்தியை மத்திய இந்து சமுத்திரத்தில் 5,270 மீற்றர் ஆழத்தில் நடமாடவிட்டனர். கடலுள் மறைந்த பூமியைக் கொம்பில் ஏந்தி மேலே கொணர்ந்த வராக அவதாரத்தின் பெயரை இட்டவர் யாராயினும் பொருத்தமறிந்தே இட்டார். ஆயினும் அன்று வராகம் அடித்தளத்தில் ஊர்ந்தது. அச்சோதனை நடமாட்டத்தைப் பற்றியதே. 2024 இல் அந்தமான் கடலில் 1,173 மீற்றர் ஆழத்திலிருந்து நூறு கிலோவுக்கு மேற்பட்ட கற்கள் எடுக்கப்பட்டன.

நூறு கிலோ என்பது எவ்வளவு? இக்கைத்தொழில் ஆதாயத்தோடு நடக்க வேண்டுமாயின் ஆண்டுதோறும் பத்து இலட்சம் தொன்னுக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும் என்பது துறையறிந்தோர் கணக்கு. இலங்கை முழுவதிலும், மலைநாடும் தாழ்நாடும் சேர்ந்து, அண்மை ஆண்டுகளில் ஓராண்டுக்குச் செய்யப்படும் தேயிலை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொன். அதைப்போல் நான்கு மடங்கைச் சூறாவளி வீசும் கடலில் தொங்கும் ஒரு குழாயின் வழியே ஏற்ற வேண்டும். இலட்சக்கணக்கான கைகளும் நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகளும் சேர்ந்து தேயிலையிற் செய்வதை அங்கே ஒரு குழாய் செய்ய வேண்டியிருக்கிறது. மேலும், இக்கற்களை நாடுவோர் முதன்மையாகக் காட்டும் காரணம் மின்கலத்தால் ஓடும் மோட்டார் வண்டி. நிக்கலும் கோபால்ட்டும் வேண்டாத மின்கலங்கள் இன்று பெருந்தொகையாகச் செய்யப்படுகின்றன என்பதையும் இக்கணக்கிற் சேர்த்துக்கொள்வது நல்லது.

கல்லோடு சேறும் ஏறுகிறது. கப்பலிற் கல்லைப் பிரித்தபின் அச்சேற்று நீரை என்செய்வது? கடலின் மேற்பரப்பிற் கொட்டினால் ஒளி மறையும். மீன் வாழும் நீர் கலங்கும். ஆகையால் அதனைக் கீழே அனுப்ப இரண்டாவது குழாய் ஒன்று வேண்டும். 2022 ஆம் ஆண்டுச் சோதனையில் அதனைச் சுமார் 1,200 மீற்றர் ஆழத்தில் விட்டனர். அது போதாது, அடித்தளம் வரை அனுப்ப வேண்டும் என்போர் உளர்; அனுப்பினால் செலவு ஏறும் என்போரும் உளர். அடித்தளத்திலோ, ஊர்தி செல்லும் வழியெல்லாம் மேற்சேறு பல சென்ரிமீற்றர் அளவுக்குச் சுரண்டப்படுகிறது. ஆழ்கடலின் சிற்றுயிர்கள் பெரும்பாலும் வாழ்வது அம்மேற்சேற்றிலும் அக்கற்களின் மீதுமே. ஜேர்மானிய ஆய்வாளர் 1989 இல் பெரு நாட்டுக்கு அப்பால் நான்காயிரம் மீற்றர் ஆழத்தில் கடலடியை உழுது பார்த்தனர். 2015 இல் திரும்பிச் சென்று நோக்கியபோது உழவுச் சால்கள் நேற்று உழுதவைபோற் கிடந்தன. மத்திய இந்து சமுத்திரத்தில் இந்தியரும் 1997 இல் இத்தகைய சோதனை ஒன்றை நடத்தினர். கோப்பிக்காகக் காடழிக்கப்பட்ட சரிவுகளில், மழைக்கு மழை மேல்மண் ஆற்றோடு போனதை மலைநாடு கண்டிருக்கிறது. மலையில் புல்லாவது விரைவில் முளைக்கும்.

இவ்வளவு இடர்ப்பட்டு ஏற்றப்படும் கல் யாருக்கு உரியது என்ற கேள்வியில் இலங்கைக்குத் தனித்த பங்குண்டு. 1967 இல் மால்ற்றா நாட்டின் தூதுவர் ஆர்விட் பார்டோ, நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட கடலடி மனிதகுலம் முழுவதற்கும் பொதுவான மரபுச் செல்வமாதல் வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் எடுத்துரைத்தார். அதன் பேரில் அமைந்த கடற்படுகைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையின் ஹமில்ற்றன் ஷேர்லி அமரசிங்க. 1973 இல் தொடங்கிய கடற்சட்ட மாநாட்டுக்கும் அவரே தலைவர். 1980 டிசம்பரில் காலமாகும்வரை அப்பதவியில் இருந்தார். அவர் காணாத உடன்படிக்கை 1982 இல் கைச்சாத்தாகி 1994 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி யமேக்காவின் கிங்ஸ்ரன் நகரில் அமைந்த அதிகாரசபையே இன்று ஆய்வுரிமை வழங்குகிறது. கல்லை விற்பனைக்காக எடுப்பதற்கான விதிகளோ 2025 ஆம் ஆண்டுக் கூட்டங்கள் முடிந்தபோதும் நிறைவேறவில்லை. எடுப்பவர் எவ்வளவு செலுத்த வேண்டும், அது நாடுகளுக்குள் எவ்வாறு பங்கிடப்பட வேண்டும் என்பவை அங்கே வாதத்துக்குரிய பொருள்களுள் அடங்கும். கூடை சுமந்த முதுகு ஒன்று, இலாபம் சேர்ந்த பெட்டி வேறொன்று என்ற கதையை மலையக மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பங்கீட்டு விதி முன்னே வர வேண்டும், குழாய் பின்னே இறங்க வேண்டும் என்பதன் நியாயம் அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

கடைசியாக ஒன்று. இலங்கைக்குத் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு அப்பால், அபனாசி நிக்கித்தின் என்னும் கடலடி மலை நிற்கிறது. 4,800 மீற்றர் ஆழத்திலிருந்து எழுந்து, கடல்மட்டத்துக்கு 1,200 மீற்றர் கீழே அதன் உச்சி முடிகிறது. அம்மலைப் பாறையின்மேல் கோபால்ட்டு மிக்க ஓடு படிந்துள்ளது. இலங்கை தன் கண்டமேடையின் எல்லையை விரிக்கக் கோரி 2009 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் ஆணைக்குழுவுக்கு மனுச் செய்தது. இந்தியா 2024 ஜனவரியில் இம்மலைப் பகுதியை ஆராயும் உரிமையை வேண்டிக் கிங்ஸ்ரனில் விண்ணப்பித்தது; அப்பகுதியின்மீது வேறொரு நாட்டின் கோரிக்கையும் உண்டு என்று அதிகாரசபை சுட்டிக்காட்டியது. பொறியியல் நோக்கில் இங்கே ஏற்றம் குறைவு. உச்சியில் இருப்பதை எடுக்க நாலில் ஒரு பங்கு குழாயே போதும். ஆனால் அவ்வோடு, சேற்றின்மேல் உருண்டு கிடக்கும் கல்லைப்போல் பொறுக்கக்கூடியதன்று. பாறையோடு பாறையாக ஒட்டியிருப்பது. அடிப்பாறையைச் சேர்த்து வெட்டினால் ஏற்றும் பாரத்திற் பெரும்பங்கு வெறுங்கல்லாகிவிடும். சில சென்ரிமீற்றர் தடிப்புள்ள ஓட்டை மட்டும் கரடுமுரடான சரிவில் சுரண்டி எடுக்கும் இயந்திரம் இனிமேற்றான் செம்மையாக வேண்டும்.